புள்ளும் நிலமும்: சென்னைப் பறவைப் படங்களின் முந்நூறு ஆண்டுகள்

தோற்றுவாய்

நிலத்தின் கருப்பொருள்களை எண்ணிக் கூறப் புகுந்த தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் ஒருங்கு வைத்தார். பறவை தனித்து நிற்கும் பொருளன்று, ஒரு நிலத்திற்கு உரிய பொருள் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும். நெய்தல் பாடிய புலவர் நாரையைச் சொல்லும்போது கழியும் கானலும் மீனும் உடன் வருகின்றன. நாரையை அங்கிருந்து பெயர்த்து எடுத்தால் பாட்டு நில்லாது. சங்கப் பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய உயிரியல் கண்கொண்டு ஆராய்ந்த பி.எல். சாமி போன்றோருக்கு அடையாளம் காணத் துணைநின்றவற்றுள் இந்நிலப் பின்னணியும் ஒன்று. பறவையின் நிறமும் குரலும் ஐயத்திற்கு இடம் தரும்போது, அது நிற்கும் இடமே இன்ன பறவை என்று துணியச் செய்கிறது.

தொலைவில் இருக்கும் பறவையை அருகிலிருப்பதுபோல் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் எனும் தொலைப்பட வில்லை இக்கொள்கைக்கு ஒரு சோதனையாக அமைந்தது. பறவையின் கண்ணையும் இறகின் நரம்பையும் அது துலக்கமாகக் காட்டுகிறது. அதே கணத்தில் பறவையைச் சூழ்ந்த நிலத்தை மங்கலான நிறப்பரப்பாக மாற்றி விடுகிறது. பறவை கிடைக்கிறது, திணை மறைகிறது. இஃது அக்கருவியின் குறையா, அதனைக் கையாள்வோரின் தேர்வா என்பது ஆராய்தற்குரியது. சென்னை நகரில் பறவைகள் படமாக்கப்பட்ட வரலாறு இவ்வினாவிற்கு விடை தரவல்லது. அவ்வரலாறு தொடங்கிய இடம் வடசென்னையின் வாயிலாகிய புனித ஜார்ஜ் கோட்டை என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

கோட்டையிலிருந்து சென்ற படங்கள்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோட்டையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் எட்வர்டு பக்லி. அவர் இவ்வூர்ப் பறவைகளின் படங்களை இலண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்பவருக்கு அனுப்பினார். மருந்துக் கடை நடத்திய பெட்டிவர் உலகெங்கிலுமிருந்து இயற்கைப் பொருள்களைத் திரட்டியவர். அப்படங்களும் குறிப்புகளும் ஜான் ரே எழுதிய பறவை நூலின் பிற்சேர்க்கையாக 1713 இல் வெளிவந்தன. நூலாசிரியர் ரே 1705 இலேயே காலமாகிவிட்டார். மதராசப்பட்டினத்துப் பறவைகள் எனும் பொருள்பட இலத்தீனில் தலைப்பிடப்பெற்ற அப்பகுதி, இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களுள் ஒன்றாகும்.

சென்னையின் பெயர் பறவையியலில் நிலைத்துவிட்டதற்கு மற்றொரு சான்றும் உண்டு. நீர்நிலைகளின் ஓரத்தில் வாலை ஆட்டியபடி ஓடித் திரியும் வெண்புருவ வாலாட்டிக்கு 1789 இல் கெமெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் அறிவியற் பெயர் சூட்டினார். அப்பெயரின் பிற்பகுதி 'மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது' என்றே பொருள்படும். நகரம் தன் பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும் அப்பறவை பழைய பெயரையே சுமந்து வருகிறது.

பக்லிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1801 இல், சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவியாக இங்கு வந்தவர் எலிசபெத் குவிலிம் அம்மையார். தெலுங்கு கற்றவர், செடி கொடிகளில் ஈடுபாடு கொண்டவர். 1807 இல் இந்நகரிலேயே மறையும் வரை அவர் பறவைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1924 இல் இலண்டனில் கேசி வுட் எனும் மருத்துவர் அவற்றைக் கண்டெடுக்கும்வரை அம்மையாரின் பெயரை உலகம் அறியவில்லை. பெரிய பறவைகளையும் உண்மை அளவிலேயே வரைந்தமை அவருடைய ஓவியங்களின் தனிச்சிறப்பு. பறவைக்குப் பின்னால் மரக்கிளையும் நிலமும் வரைந்து வைத்த ஓவியங்களும் அவற்றுள் உள்ளன.

ஆயினும் அவர் வரைந்தவற்றுள் பல, பறவை பிடிப்போர் பிடித்துக் கொணர்ந்தவை. பறவையைக் காண வேண்டுமாயின் அதனைக் கைப்பற்ற வேண்டும் என்பதே அந்நாளைய நிலை. வலையும் கண்ணியும் தெரிந்த அம்மக்களின் அறிவு இல்லையேல் இவ்வோவியங்கள் இல்லை. அவர்தம் பெயர்கள் ஓவியத்தின் அடியில் எழுதப்படவில்லை. டி.சி. ஜெர்டன் எனும் மருத்துவர் 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளியிட்ட இந்தியப் பறவைப் படத் தொகுதிக்கும் இது பொருந்தும். அதன் ஐம்பது படங்களை வரைந்தோர் பெரும்பாலும் இந்நாட்டு ஓவியர்களே. தூரிகையின் நுட்பம் நிலைத்தது. தூரிகை பிடித்தவரின் பெயர் நிலைக்கவில்லை.

துப்பாக்கியும் கண்ணாடித் தகடும்

1839 இல் பாரிசு நகரில் ஒளிப்படக் கலை அறிவிக்கப்பட்டது. 1850களில் அக்கலை சென்னையில் வேர்கொண்டது. கோயில்களும் கோட்டைகளும் படமாயின. ஆனால் பறவைகள் படமாகவில்லை. காரணம் எளிது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியைப் பெற்றுக்கொள்ளப் பல நொடிகள் தேவைப்பட்டன. கோபுரம் அசையாது நிற்கும், சிட்டுக்குருவி நிற்குமா?

ஆதலின் பறவையைப் படமெடுக்க விரும்பியோர் அதனை முதலில் சுட்டனர். பின்னர்ப் பாடம் செய்து பஞ்சடைத்து நிறுத்தினர். அதன் பின்னரே படம் எடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறவையியல் பெரிதும் துப்பாக்கியின் துணைகொண்டே வளர்ந்தது. 1851 இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் நிற்கும் பறவைகள் அம்முறையின் சான்றுகள். அறிவுக்கு அவை பயன்பட்டன என்பதை மறுத்தல் இயலாது. எனினும் பேழையில் நிற்கும் நாரைக்குக் கழி இல்லை, காற்று இல்லை, அஞ்சிப் பறத்தற்குக் காரணமும் இல்லை.

உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே படமெடுக்கலாம் என்று காட்டியோர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் எனும் உடன்பிறப்பாளர் இருவர். கூடுகளையும் முட்டைகளையும் நேரில் கண்டு எடுத்த படங்களுடன் அவர்களின் நூல் 1895 இல் வெளிவந்தது. பறவைகள் அஞ்சாதிருக்கும் பொருட்டு மாட்டின் தோலுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்தவர்கள் அவர்கள். இம்மறைவிட முறை இந்தியாவிற்கும் வந்தது. இராணுவ அதிகாரி பேட்ஸ், இரயில்வே அதிகாரி லோதர் ஆகியோர் கூட்டின் அருகே துணிக்கூடாரம் அமைத்து மணிக்கணக்கில் காத்திருந்து படமெடுத்தனர். லோதரின் இந்திய அனுபவ நூல் 1949 இல் வெளிவந்தது.

துப்பாக்கியை விட மறைவிடம் பெரிதும் மேலானது. ஆயினும் அதிலும் ஓர் இடர் இருந்தது. பறவை தவறாது திரும்பி வரும் இடம் கூடு ஒன்றே. எனவே மறைவிடம் கூட்டை ஒட்டியே அமைந்தது. ஒளி வேண்டி இலைகளை விலக்கினால் குஞ்சின்மேல் வெயில் தாக்கும். மனிதர் நடமாட்டத்தைக் கவனிக்கும் காகத்திற்குக் கூட்டின் இருப்பிடம் தெரிந்துவிடும். அஞ்சிய தாய் முட்டையைக் கைவிடுவதும் உண்டு. இக்காரணங்களால் கூடுகளைப் படமெடுப்பதை இன்று இந்தியப் பறவை ஆர்வலர் பலர் தவிர்த்து வருகின்றனர்.

தொலைப்பட வில்லையின் வருகை

1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர் என்பவரும், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகியோரும் ஒருவரையொருவர் சாராது தொலைப்பட வில்லையை உருவாக்கினர். அதன் அமைப்பு நுட்பமானது. நீண்ட குவியத் தொலைவு கொண்ட வில்லைக்கு நீண்ட குழல் வேண்டும். முன்னே குவிக்கும் வில்லைத் தொகுதியும் பின்னே விரிக்கும் வில்லைத் தொகுதியும் வைத்தால், குழலின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே தொலைவுப் பொருளைப் பெரிதாகக் காட்டலாம். இதுவே அவர்கள் கண்ட வழி.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லை இயல்பான பார்வையைத் தருவது. 400 மில்லிமீட்டர் வில்லை பொருளின் உருவத்தை அதனினும் 8 மடங்கு உயரமாகப் பதிக்கும். 40 மீட்டர் தொலைவில் உள்ள கொக்கு 5 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும். கொக்கு தன் மீனைப் பார்த்தபடியே இருக்கும். மனிதன் வந்ததை அறியாது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. உருவம் பெரிதாவதுபோல் கையின் நடுக்கமும் பெரிதாகும். 400 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் பிடித்து எடுப்போர், ஒளி புகும் நேரத்தை ஒரு நொடியின் 400இல் ஒரு பங்கிற்கு மேற்படாது வைத்தல் வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. அவ்வளவு குறுகிய நேரத்திற்கு மிகுந்த ஒளி வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலுமே துணை. மேலும் தெளிவாகப் பதியும் ஆழம் மிகக் குறைவு. அருகிலிருக்கும் சிறு பறவையின் கண்ணைத் துலக்கினால் வால் மங்கிவிடும். கண்ணுக்குப் பின்னால் உள்ள மரமும் வேலியும் வீடும் முற்றிலும் கரைந்துபோகும்.

பொருளாதாரத் தடையும் இருந்தது. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டு வில்லைகளும் படச்சுருள்களும் எளிதில் கிடைக்கவில்லை. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்கள் பின்னர் பலருக்குக் கைகொடுத்தன. ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் பணம் செலவாகும் என்ற உணர்வு, எடுப்பதற்கு முன் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது.

மா. கிருஷ்ணன்

இச்சூழலில் சென்னையிலிருந்து பணியாற்றி, பறவையையும் நிலத்தையும் ஒருங்கே காத்தவர் மா. கிருஷ்ணன். 1912 சூன் 30 இல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். மாதவையா அரசின் உப்புத் துறையில் பணியாற்றியவர். 1925 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசிய அன்றே, அவ்விடத்திலேயே உயிர் நீத்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற கிருஷ்ணன் 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகள் ஆற்றினார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, எவரிடமும் ஊதியம் பெறாது எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பி மயிலாப்பூரில் வாழ்ந்தார்.

1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் எழுதிய இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரி 18 இல் அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் இடையறாது வந்தது. புலியும் யானையும் மட்டுமே அதில் வரவில்லை. வீட்டுக் காகம், அணில், கழுதை, ஆடு, தோட்டத்துப் பறவை ஆகியனவும் காட்டுயிர்களுக்கு நிகரான கவனத்தைப் பெற்றன. தாமே வரைந்த கோட்டோவியங்களையும் அவர் உடன் சேர்த்தார். 1968 இல் நேரு ஆய்வு நல்கையும் 1970 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது.

அவர்தம் கருவி தனித்தன்மை உடையது. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திக் கனத்த ஒளிப்படக் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டார். அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். வண்ணப் படச்சுருள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே கையாண்டார். படத்தை இருட்டறையில் தாமே கழுவி அச்சிட்டார்.

அவருடைய படங்களில் விலங்கு, சட்டத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அது மேயும் புல், நிற்கும் மரம், மண்ணின் தன்மை ஆகியன தெரியும்படி இடம் விட்டிருப்பார். தாவரவியல் கற்றவராதலின் பின்னணி அவருக்கு வெற்றிடமாகத் தோன்றவில்லை. எந்த மரம், எந்தப் புல் என்பது அவருக்குச் செய்தியாக இருந்தது. நாட்டு மரங்களை வெட்டி அயல்மரங்களை நட்டுக் காடு வளர்ப்பதாகக் கூறுவதை அவர் வன்மையாகக் கண்டித்தவர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மரம் மாறினால் பறவை மாறும் என்பது அவர்தம் கொள்கை. கருப்பொருள் எனும் கோட்பாட்டைப் புதிய கருவியால் எழுதிக் காட்டியவர் அவர் எனலாம்.

தமிழ்க் கவிஞர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' எனும் அவர்தம் தமிழ்க் கட்டுரை நூல் 2002 இல் வெளிவந்தது. பழந்தமிழ்ப் பயிற்சியும் நேர்க்காட்சியும் ஒன்றாகக் கலந்த உரைநடையை அதில் காணலாம். பாடலில் வரும் பறவையைப் புறத்தே சென்று பார்த்துவிட்டு வந்து எழுதும் பழக்கத்தைத் தமிழ் உரைநடைக்கு அவர் அளித்தார். தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017 இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள் இதே துறையில் அனைத்துலகப் புகழ் பெற்ற மற்றொரு தமிழர். ஒருவர் எழுத்தாளரும் ஆவார். மற்றவர் பலருக்கு ஆசானாக விளங்கிய கலைஞர்.

கொல்லைப்புறம் எனும் களம்

காட்டுக்குச் சென்றால்தான் காட்டுயிரைக் காண முடியும் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் நீர் குடிக்க வரும் மைனாவும் காட்டுயிரே; அஃது எவர்க்கும் உடைமையன்று, எவரும் அதற்குக் கூண்டு கட்டவில்லை. முருங்கைப் பூவில் தேன் உறிஞ்சும் தேன்சிட்டு, இரண்டு இலைகளை நாரால் தைத்துக் கூடமைக்கும் தையல்சிட்டு, கூட்டமாகக் கூச்சலிட்டுத் திரியும் தவிட்டுக்குருவி, மாலையில் விழிக்கும் புள்ளி ஆந்தை ஆகியவற்றின் வாழ்வைக் காண்பதற்குப் பயணச் செலவு வேண்டா. இலையுதிர்ப் பருவத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, இரவெல்லாம் பறந்த களைப்பில் சென்னைத் தோட்டங்களில் இறங்கி உதிர்ந்த இலைகளுக்கிடையே தத்திச் செல்வதும் உண்டு.

கொல்லைப்புறத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு: அங்கே பார்ப்பவர் நாள்தோறும் பார்க்கிறார். ஒருநாள் காட்டுக்குச் சென்று வருபவர்க்கு ஒரு படம் கிட்டும். ஓராண்டு ஒரே சன்னலில் நிற்பவர்க்கு ஒரு வரலாறு கிட்டும். இவ்வுண்மையை உணர்ந்தே வட அமெரிக்காவில் 1998 இல் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. 2013 முதல் அஃது உலகு தழுவியதாயிற்று. தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015 முதல் நடைபெற்று வருகிறது. எண்ணியல் கருவிகள் வந்தபின் படச்சுருளின் செலவு ஒழிந்தது. எண்ணற்றோர் கையில் தொலைப்பட வில்லை சேர்ந்தது. க. ரத்னம் போன்றோர் தொகுத்தளித்த தமிழ்ப் பறவைப் பெயர்கள், எடுத்த படத்தின் அடியில் தமிழில் பெயர் எழுத உதவுகின்றன.

வடசென்னையில் கொல்லைப்புறம் எனும் சொல் இருவேறு பொருள் தருகிறது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பழைய வீடுகளின் பின்புறத்தில் இருந்த கிணறும் வேம்பும் பூவரசும் பெரும்பாலும் அடுக்குமாடிகளாயின. இன்று அங்குக் கொல்லைப்புறம் என்பது மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் காகம் அமர்கிறது. மின்கம்பியில் கரிச்சான் அமர்கிறது. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தை நோக்கிக் கரும்பருந்துகளும் செம்பருந்துகளும் மேலே வட்டமிடுகின்றன. அத்துறைமுகத்தில் ஏலம் முடிந்தபின் எறியப்படும் மீன் கழிவே அவற்றின் உணவு. மனிதனின் தொழிலும் பறவையின் உணவும் ஒரே இடத்தில் கலந்திருப்பதால், அப்பருந்தைப் படகின்றிப் படமெடுத்தால் அதன் வாழ்வில் பாதி விடுபட்டுப்போகும்.

எண்ணூரின் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்களுக்கோ வீட்டின் பின்புறம் கழியே. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அக்கழிமுகமும் அதனோடு இணையும் பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும் பறவைகளின் மேய்ச்சல் நிலங்கள். நெடுங்கால் உள்ளான் செந்நிறக் கால்களால் சேற்றை அளக்கும். குளிர்காலத்தில் ஆலாக்களும் கடற்காகங்களும் வரும். கூழைக்கடாக்கள் கூட்டமாய் மீன் வளைக்கும். வடக்கே பழவேற்காட்டு ஏரியில் தங்கும் பூநாரைகள் நீரின் அளவுக்கேற்ப இப்பக்கமும் வந்து செல்லும்.

எண்ணூர்க் கழியும் வில்லையின் தேர்வும்

இக்கழியைச் சுற்றித் தொழில் வளர்ந்த வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு 1969 இல் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017 இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் செயற்படத் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. மின்சாரமும் எரிபொருளும் நகரம் முழுவதற்கும் சென்றன. நிலக்கரிச் சாம்பல் கழியில் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தோர் கழியின் ஆழம் குறைவதை நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர்.

இத்தகைய நிலத்தில் தொலைப்பட வில்லையைக் கையில் கொண்டு நிற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வில்லையின் துளையை அகலத் திறந்து, பறவையின்மேல் மட்டும் துலக்கத்தை நிறுத்தினால், பின்னால் உள்ள புகைபோக்கியும் சாம்பல் மேடும் சாம்பல் நிற மென்பட்டாக மாறிவிடும். கூழைக்கடா எவ்வூரிலும் இருக்கக்கூடிய ஓர் அழகிய பறவையாகத் தோன்றும். மாறாக, துளையைச் சுருக்கிச் சற்றுப் பின்னே நகர்ந்து நின்றால் அதே வில்லை வேறொன்றைச் செய்யும். தொலைவிலிருந்து எடுக்கும்போது முன்பொருளுக்கும் பின்பொருளுக்கும் உள்ள இடைவெளி சுருங்கித் தோன்றுவதால், ஒரு கிலோமீட்டர் அப்பாலுள்ள புகைபோக்கி பறவையின் தோளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும். இரண்டும் ஒரே கருவியின் செயல்களே. எனவே நிலம் மறைவது வில்லையின் குற்றமாகாது. அதனை மறைப்பதும் காட்டுவதும் எடுப்பவரின் தேர்வாகும்.

இத்தேர்வு எத்தகைய பொறுப்புடையது என்பதை 2023 டிசம்பர் உணர்த்தியது. மிக்ஜாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வலைகளும் படகுகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. மீனவர் தொழில் நின்றது. வெண்சாம்பல் நிறக் கூழைக்கடாக்களின் மார்பிலும் சிறகிலும் எண்ணெய் படிந்தது. அவற்றுள் பல இன்னும் பறக்கக்கூடிய நிலையில் இருந்தமையால் அருகே சென்று பிடித்துக் கழுவுதல் எளிதாக இல்லை, நெருங்கினால் பறந்துவிட்டன. அணுக முடியாத அப்பறவைகளின் நிலையை நகரம் அறிந்ததில், தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கழியில் நிகழ்ந்ததைப் பல்லாண்டாகச் சொல்லி வந்த மீனவரின் சொல்லுக்கு அப்படங்கள் துணைச்சான்றாக நின்றன.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. எண்ணெய் படிந்த கூழைக்கடாவின் படம் பொருள் பெறுவதற்கு, எண்ணெய் படியாத நாளில் அதே கழியில் எடுத்த படமும் வேண்டும். முன்பு எத்தனை பறவைகள் வந்தன, எத்திங்களில் வந்தன, எங்கே இறங்கின என்பனவற்றை எவரேனும் குறித்து வைத்திருந்தால்தான் இழப்பின் அளவு தெரியும். பேரிடர் நாளில் மட்டும் வரும் கருவி அதனைத் தராது. கொல்லைப்புறத்தில் நாள்தோறும் நிற்பவரின் படம்தான் அதனைத் தரும்.

நிறைவாக

மூன்று நூற்றாண்டுகளில் பறவைக்கும் அதனைப் பதிவு செய்தோருக்கும் இடையிலான தொலைவு சிறிது சிறிதாகக் கூடி வந்துள்ளது. குவிலிம் அம்மையார் காலத்தில் பறவை பிடிப்போரின் கையில் இருந்தது. பின்னர்த் துப்பாக்கிக்கு முன் இருந்தது. அதன்பின் மறைவிடத்திற்கு எதிரே இருந்தது. தொலைப்பட வில்லை வந்தபின் தன் இடத்திலேயே அச்சமின்றி இருக்கிறது. பறவைக்கு இது பெரும் நன்மை. அந்நன்மையின் ஊடே நிலத்தை இழந்துவிடாமல் காக்க வழி உண்டு என்பதைக் கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் மெய்ப்பித்தன.

கவிஞருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. குயில், மயில், அன்னம் எனும் மூன்று பெயர்களால் எழுதப்பட்ட கவிதைகள் தமிழில் ஏராளம். நெடுங்கால் உள்ளானையும் வாலாட்டியையும் கரும்பருந்தையும் பெயர் சொல்லி அழைக்கும் வடசென்னைக் கவிதைகள் அதே அளவில் பெருகுதல் வேண்டும். சங்கப் புலவர் நாரையை அறிந்திருந்தனர். அது நின்ற கழியின் உப்பையும் அறிந்திருந்தனர். அவ்வறிவைப் பெறுவதற்கு விலையுயர்ந்த வில்லை கட்டாயமன்று. படமெடுப்போர் படத்தின் அடியில் பறவையின் தமிழ்ப் பெயர், நாள், இடம், அஃது அமர்ந்திருந்த மரம் அல்லது கம்பம் ஆகிய நான்கையும் எழுதி வைக்கலாம். பாட்டெழுதுவோர் அந்நான்கையும் அறிந்து எழுதலாம். எண்ணூர்க் கழியில் எவ்வாண்டு எப்பறவை இருந்தது என்று பின்வருவோர் கேட்கும்போது, அவ்விரு வகைப் பதிவுகளும் அவர்களுக்கு விடை சொல்லும்.